எடைமேடைக்கு எத்தனை பேர்?

அரியலூர், பெரம்பலூர் ஆகிய இரு மாவட்டங்களின் பொதுமக்களுக்கும், கடல் கடந்தும் பரந்து கிடக்கும் வணிகப் பெருமக்களுக்கும் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்வது: செவ்வாய்க்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு, குழந்தைவேல் என்னும் நாற்பத்தேழு வயதுக் குடும்பத் தலைவர், தம் வீட்டுக் குளியலறைக்குள் நின்றபடியே ஒரு முழு ஆங்கில வாக்கியத்தை, எழுவாய் பயனிலை சகிதம், தடங்கலின்றிச் சொல்லி முடித்தார். சாட்சி, வெளியே துண்டுடன் நின்ற மனைவி சிந்தாமணி.

"ஐ யாம் எ ரிசல்ட் ஓரியண்டெட் ப்ரொஃபெஷனல்" என்பது அந்த வாக்கியம்.

"சரிங்க ரிசல்ட்டு, டேங்க்குல தண்ணி தீந்துபோச்சு. மோட்டார போடவா?" என்றாள் சிந்தாமணி.

உலக வணிகம் அன்றைக்கும் வழக்கம்போலத்தான் தொடங்கியது.

நடுவில் இரண்டு வாரம் விட்டுப்போன வாசகர்களுக்காக ஒரு சுருக்கம். அரியலூருக்குக் கிழக்கே வைரமலை சிமெண்ட்ஸ் என்று ஓர் ஆலை இருக்கிறது. அந்த வட்டாரத்தில் வைரமும் கிடையாது, மலையும் கிடையாது. இருப்பது பள்ளம். அறுபதடி ஆழமுள்ள அந்தப் பள்ளத்தில் இரண்டரை ஏக்கர் ஒரு காலத்தில் குழந்தைவேலுடையது. பக்கத்து மூன்று ஏக்கர் சிந்தாமணியின் அண்ணன் வெள்ளைச்சாமியுடையது. சுண்ணாம்புக்கல்லுக்காக நிலத்தை வாங்கியபோது குடும்பத்துக்கு ஒரு வேலை என்று ஆலை வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கின்படி மாப்பிள்ளையும் மச்சானும் பதினான்கு வருடமாக எடைமேடையில் லாரிகளை எடை போடுகிறார்கள். வேலை ஒப்பந்த வேலைதான். நிலம் மட்டும் நிரந்தரமாகப் போனது.

சென்ற மாதம் ஆலை ஒரு அறிவிப்பு ஒட்டியது. இனி ஆலையில் எல்லோரும் ஆங்கிலத்தில் உரையாடத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். நேர்காணல் நடக்கும். தேறாதவர்களின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படமாட்டாது.

எடைமேடையில் ஆங்கிலம் யாருடன் பேசுவது என்று யாரும் கேட்கவில்லை. வருகிற டிரைவர்கள் நாமக்கல்காரர்கள், சேலத்துக்காரர்கள். லாரிக்கோ எந்த மொழியும் தெரியாது.

ஆக, அந்த நேர்காணல் நாள்தான் இந்தச் செவ்வாய்க்கிழமை. நிலம் போன வீட்டில் மிச்சமிருக்கிற ஒரே சம்பளம் அன்று காலை பத்தரை மணிக்கு ஆங்கிலம் பேச வேண்டும்.

"பதினேழாவது பதில ஒருதரம் சொல்லிக்காட்டுங்களேன்" என்றாள் சிந்தாமணி, இட்லித் தட்டை வைத்துவிட்டு.

குழந்தைவேல் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். நடுவில் மூச்சு வாங்கவில்லை. மூச்சு வாங்கினால் மறந்துபோகும்.

"அர்த்தம் என்னங்க?"

"அர்த்தம் எதுக்குடி? பத்தாவது பரீட்சையில பசுவப் பத்திக் கட்டுரை எழுதினேன். அப்ப எங்க வூட்ல பசுவா இருந்துச்சு?"

"அதுல எவ்வளவு மார்க்கு?"

"பசங்களுக்கு முன்னாடி இதெல்லாம் கேக்காத."

பசங்கள் யாரும் வீட்டில் இல்லை. ஒரே மகள் இலக்கியா திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். அவளுக்கும் இந்த வாரம் பரீட்சை.

நேர்காணலுக்கு மனப்பாடம் செய்ய எண் போட்டுக் கொடுத்த மாதிரிப் பதில்களில் ஒன்றான இந்தப் பதினேழாவது பதிலின் பிறப்பிடம் பெரம்பலூர். பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உரக்கடை மாடியில் 'தர்மராஜ் குளோபல் பிசினஸ் இங்கிலீஷ் அகாடமி' நடக்கிறது. உலகம் முழுவதையும் பெயரில் வைத்திருக்கும் அந்த நிறுவனத்தில் ஒரு மின்விசிறி, பதினெட்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கழுத்துப்பட்டை. கழுத்துப்பட்டைக்குள் இருப்பவர் தர்மராஜ் சார்.

அவருடைய முறை புதுமையானது. முதல் ஒரு மணி நேரம் 'இது என் பேனா, அவன் நேற்று வந்தான்' வகையறா. அடுத்த ஒரு மணி நேரம் வணிக ஆங்கிலம்: ஸ்டேக்ஹோல்டர், சினர்ஜி, பாட்டம்லைன். தவழ்கிற குழந்தைக்குக் கோட்டு தைத்துப் போடுகிற முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஷிப்ட் முடிந்து அரியலூரில் பஸ் பிடித்துப் பெரம்பலூர் போய்ச் சேருவதற்குள் குழந்தைவேலுக்கு முதல் மணி நேரம் முடிந்துவிடும். அதனால் அவருக்குக் கிடைத்ததெல்லாம் கோட்டுதான். தவறவிட்ட பாடங்களை ஜெராக்ஸாக வாங்கி வருவார். அவற்றை அவர் படிக்கவில்லை. அடுப்பில் சோறு கொதிக்கிற நேரத்தில் சிந்தாமணி படித்தாள். யார், என்ன, எப்போது, எத்தனை என்று கேட்கவும், கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லவும் அவளுக்கு ஒரு மாதத்தில் வந்துவிட்டது. கணவன் மனைவி இருவரையும் சேர்த்து வைத்தால் ஒரு முழு ஆள் ஆங்கிலம் பேசியிருக்கலாம். நேர்காணலுக்கு ஜோடியாக விடமாட்டார்கள்.

தர்மராஜ் சார் வகுப்பின் கடைசி நாளில் ஒரு பொன்விதியும் வழங்கியிருந்தார். "பிசினஸ் இங்கிலீஷ்ல நோ-ங்கற வார்த்தையே கிடையாது சார். என்ன கேட்டாலும் யெஸ். அதுலயும் வெறும் யெஸ் சொல்றவன் கிளார்க். டெஃபனிட்லி-ன்னு சொல்றவன் மேனேஜர்."

குழந்தைவேல் அதை நோட்டில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டார்.

பத்து மணிக்கு ஆலை நிர்வாகக் கட்டடத்தின் வராந்தாவில் பெஞ்சு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுரங்கத்தில் வெடி வைக்கிறவர்கள், மூட்டை தைக்கிறவர்கள், பாய்லர்காரர்கள். எல்லோர் உதடும் அசைந்துகொண்டிருந்தது. தெரியாதவர் பார்த்தால் ஏதோ கூட்டுப் பிரார்த்தனை என்று செருப்பைக் கழற்றியிருப்பார்.

வெள்ளைச்சாமி மட்டும் உதட்டை அசைக்கவில்லை. ஐம்பத்து மூன்று வயது. வகுப்புக்கே வரமாட்டேன் என்றுவிட்டவர்.

"என்ன மாப்ள, சட்டையெல்லாம் இஸ்திரியா இருக்கு? பொண்ணு பாக்கவா போற?"

"நீங்களும் நாலு வார்த்த படிச்சிருக்கலாம் மச்சான்."

"எந்த லாரிக்காரன்டா எங்கிட்ட இங்கிலீஷ்ல ஏமாத்தினான்? எல்லாவனும் தமிழ்லதான் ஏமாத்துறான்."

அவர் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். உள்ளே போனவர் நான்கு நிமிடத்தில் வெளியே வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பு முகத்துக்குச் சரியாகப் பொருந்தவில்லை.

"என்ன மச்சான் ஆச்சு?"

"மேடைக்கு எத்தன ஆளு வேணும்னு கேட்டாங்க. இங்கிலீஷ்லதான். எனக்குப் புரிஞ்சுபோச்சு மாப்ள! நாலு வெரலக் காட்டினேன். வாயால சொல்லுன்னாங்க. நாலு பேரு வேணும் சார், அஞ்சா இருந்தா இன்னும் நல்லதுன்னேன். இங்கிலீஷ் ப்ளீஸ்-னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. சரி, வரேம்மான்னு வந்துட்டேன்."

வெள்ளைச்சாமி குழந்தைவேலின் தோளைப் பிடித்து எழுப்பினார்.

"என் கதைய விடு. நீ நல்லாப் பேசு. நாலு பேரு இல்லாட்டி அந்த மேடைய நடத்த முடியாதுன்னு அவங்களுக்கு வெளங்கற பாஷையில சொல்லிட்டு வா. சொன்னா ஒருவேள என்னையும் வச்சுக்குவாங்க."

அதற்குள் உள்ளேயிருந்து இவர் பெயர் வந்தது.

அறைக்குள் இருந்தவர்கள் இருவர். ஜெனரல் மேனேஜரின் பெயர் முத்தமிழ்செல்வன். அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது, வைத்தது அப்பா. பக்கத்தில் மனிதவள மேலாளர் வெற்றிச்செல்வி, சொந்த ஊர் ஆண்டிமடம். குழந்தைவேல் உள்ளே நுழைந்தபோது வெற்றிச்செல்வி போனில் பேசிக்கொண்டிருந்தார். "கொட்டய வெயில்ல பரப்பிட்டியாம்மா? முந்திரி யாவாரிக்கிட்ட அவசரப்பட்டுத் தலையாட்டிடாத. அப்புறம் கூப்புடறேன்." போனை வைத்தார். வைத்ததும் தமிழும் அதோடு போய்விட்டது.

"குட் மார்னிங் மிஸ்டர் குழந்தைவேல். ஹவ் மெனி பெர்சன்ஸ் டு வி நீட் அட் தி வேபிரிட்ஜ்?"

எடைமேடைக்கு எத்தனை பேர் தேவை என்பது கேள்வி. இதற்கான விடை குழந்தைவேலைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஆலையில் கிடையாது. கல் ஏற்றி வரும்போது டிரைவரும் கிளீனரும் கேபினிலேயே படுத்துக்கொள்வார்கள், கல்லோடு அவர்களும் எடையில் சேருவார்கள். காலி வண்டி எடை போடும்போது இறங்கி டீ குடிக்கப் போய்விடுவார்கள். தார்ப்பாயை நனைத்துக் கொண்டுவருவார்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வந்து, எடை போட்டபின் திறந்துவிடுவார்கள். ஒரு சக்கரம் மேடை விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தாலே எடை மாறும். கீழே நின்று பார்க்க ஓர் ஆள், உள்ளே பதிய ஓர் ஆள், இரவுக்கு ஒருவர், மாற்றுக்கு ஒருவர். நான்கு பேர். லாரி ஏறுகிற சத்தத்தை வைத்தே உள்ளே என்ன ஒளிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார் அவர். இதையெல்லாம் தமிழில் சொல்ல ஒன்றரை நிமிடம் போதும். கேட்கிற இருவருக்கும் தாய்மொழி தமிழ்.

குழந்தைவேல் கண்ணை மூடினார். பதினேழாவது பதில் வந்தது.

"சார், வி ஷுட் ஆப்டிமைஸ் மேன்பவர் த்ரூ ஆட்டோமேஷன், எலிமினேட் ரிடண்டன்ட் பொசிஷன்ஸ், அண்ட் இம்ப்ரூவ் தி பாட்டம்லைன்."

இயந்திரத்தை வைத்து ஆட்களைக் குறைத்து, வேண்டாத பதவிகளை ஒழித்து, லாபத்தைப் பெருக்க வேண்டும் என்று பொருள்.

முத்தமிழ்செல்வன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வெரி குட்! ஸோ, ஃபோர் பெர்சன்ஸ் இஸ் டூ மச்?"

"யெஸ் சார்."

"ஒன் பெர்சன் இஸ் இனஃப்?"

பொன்விதி நினைவுக்கு வந்தது. "டெஃபனிட்லி சார்."

"சப்போஸ் கேமரா, சென்சார் எல்லாம் வெச்சு, சென்னை கண்ட்ரோல் ரூம்லேந்தே பண்ணினா? நோ பெர்சன் அட் ஆல்?"

ஜெனரல் மேனேஜரே தமிழுக்கு வழுக்கிவிட்டார். குழந்தைவேல் வழுக்கவில்லை.

"அப்சொல்யூட்லி சார்!"

முத்தமிழ்செல்வன் கை தட்டினார். வெற்றிச்செல்வி மடிக்கணினியில் வேகமாகத் தட்டினார். ஊழியரிடமிருந்தே வந்த யோசனை என்று இதைக் குறிப்பிடலாமா, பெயர் போடலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"வித் ப்ளெஷர் மேடம்" என்றார் குழந்தைவேல்.

ஜெனரல் மேனேஜர் எழுந்து வந்து கைகொடுத்தார். பதினான்கு வருடத்தில் அது முதல் தடவை. கை மிருதுவாக இருந்தது.

மதியம் ஒரு மணிக்குக் குழந்தைவேல் வீட்டுக்குள் வந்தபோது நடையே மாறியிருந்தது. சிந்தாமணி கூடத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"கை குடுத்தாருடி! ஜி.எம்.மு! எழுந்திரிச்சு வந்து!"

"அப்படியா? என்ன கேட்டாங்க?"

"ஹவ் மெனி பெர்சன்ஸ்-னு ஆரம்பிச்சாங்க. நான் பதினேழ எடுத்து விட்டேன் பாரு, அப்படியே அசந்துட்டாங்க."

"ஹவ் மெனின்னா எத்தனன்னுதானே? எத்தனன்னு கேட்டா ஒரு எண்ணிக்கையில்ல சொல்லணும்? என்னங்க சொன்னீங்க?"

"எண்ணிக்க நான் சொல்லலடி. அவங்களே சொன்னாங்க. நாலு அதிகமான்னாங்க, யெஸ் சார்னேன். ஒருத்தர் போதுமான்னாங்க, டெஃபனிட்லின்னேன்."

உரித்த கடலை சிந்தாமணியின் விரலிலேயே நின்றது.

"அப்புறம்?"

"ஆளே இல்லாம நடத்தலாமான்னு..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. தமிழில் சொல்லும்போது அது வேறு மாதிரி இருந்தது. அறையில் கைதட்டல் வாங்கிய வாக்கியம் கூடத்தில் கடலைத்தோலுக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொண்டு அவரையே பார்த்தது.

"ஏங்க, அந்த நாலு பேர்ல ஒருத்தர் நீங்கதானே?"

"பரீட்சைடி அது."

"இன்னொருத்தர் எங்க அண்ணன்."

"பரீட்சைன்னுதான்டி சொன்னேன்! அர்த்தமெல்லாம் தெரியாமயா சொன்னேன்? தெரியும். பரீட்சையில எழுதுறத எவனாச்சும் செஞ்சு பாப்பானா? இந்த நாட்டுல இதுவரைக்கும் எவனாச்சும் பாத்திருக்கானா?"

இது நியாயமான வாதம். இந்த நாட்டின் மொத்தக் கல்வி அனுபவமும் அவர் பக்கம் இருந்தது.

"உடனே போயி, தப்பாச் சொல்லிட்டேன் சார்னு சொல்லிட்டு வாங்க."

"தப்புன்னு சொல்றதுக்குத் தர்மராஜ் சார் சொல்லிக்குடுக்கலயே!"

"தமிழ்ல சொல்லுங்க!"

"தமிழ்ல சொன்னா ஃபெயிலுடி."

தர்மராஜ் சாருக்குப் போன் போட்டார். மறுமுனையில் அகாடமியின் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

"கங்கிராட்ஸ் சார்! கை குடுத்தாரா? பாத்தீங்களா, பதினேழு என்னிக்கும் கைவிடாது!"

"சார், வேலையே போயிடும் போலருக்கு சார். அந்தப் பதில்..."

"பாசிட்டிவா இருங்க சார். இன்டர்வியூ க்ளியர் பண்ணியிருக்கீங்க. நம்ம அகாடமியில நீங்கதான் ஃபர்ஸ்ட். ஒரு போட்டோ அனுப்புங்க, சிரிச்சாப்புல இருக்கட்டும். பிளெக்ஸ் அடிக்கணும்."

சிந்தாமணி போனை வாங்கி அணைத்தாள்.

வைரமலை சிமெண்ட்ஸில் குடிதண்ணீர்க் குழாய்க்கான கோப்பு ஏழு வருடமாக நகர்ந்துகொண்டிருக்கிறது. இந்தக் கோப்பு நான்கு மணி நேரத்தில் நகர்ந்தது. இரண்டே முக்காலுக்குக் குழந்தைவேலின் போனில் மின்னஞ்சல் வந்த சத்தம் கேட்டது. அதே நேரத்தில் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தமும் கேட்டது.

வெள்ளைச்சாமி உள்ளே வந்தார். கையில் காராச்சேவும் லட்டும். செய்தி வராந்தா முழுவதும் பரவிவிட்டதாம்.

"எங்க எங்க மாப்ள? ஜி.எம்.மே கை தட்டினாராமே! வராந்தாவுல ஒக்காந்திருந்த பெரியசாமி சொல்றான், கண்ணாடி வழியா அவனே பாத்தானாம். நான் அப்பவே நெனச்சேன், இவன் நாலு பேரையும் கரையேத்திருவான்னு. இந்தா தங்கச்சி, லட்டு எடு."

சிந்தாமணி லட்டை எடுத்தாள். வாயில் வைக்கவில்லை.

"போன்ல என்னமோ வந்திருக்கே. கம்பெனி பேரு மாரி இருக்கு. ரிசல்ட்டா? படி மாப்ள."

குழந்தைவேல் போனை எடுத்தார். தர்மராஜ் சாரின் இரண்டாம் மணி நேரத்து வார்த்தைகள் எல்லாம் அங்கே வரிசையாக நின்றன. தெரிந்த முகங்கள். ஆனாலும் படிக்காமல் போனை மனைவி பக்கம் நீட்டினார்.

"தொண்ட கட்டிக்கிட்டா? நீ படி தங்கச்சி. நீயுந்தான் இங்கிலீஷ் படிச்சியாமே."

சிந்தாமணி போனை வாங்கினாள். யார், என்ன, எப்போது, எத்தனை என்று விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். ஒவ்வொரு வரியாக அண்ணனுக்குத் தமிழில் சொன்னாள்.

"இவரு பாஸாயிட்டாரு. நூத்துக்குத் தொண்ணூத்திரெண்டு."

"அப்படிப் போடு!"

"திங்கக்கெழமையிலேந்து மேடையில மிஷின் வைக்கிறாங்களாம். சாமானெல்லாம் மூணு மாசம் முன்னாடியே வாங்கி ஸ்டோர்ல வச்சிருக்காங்களாம்."

வெள்ளைச்சாமி நெற்றியைச் சுருக்கினார். "அந்த எட்டுப் பொட்டியா? நான்தானே லாரியிலேந்து எறக்கினேன். டிவின்னுல்ல நெனச்சேன். அப்ப இதெல்லாம் முன்னாடியே..." அவர் சிரிக்கப் பார்த்தார். "சரி, மிஷினு வரட்டும். ஆளு?"

"ஆளு வேணாமாம் அண்ணே. நாலு பேருக்கும் சனிக்கெழமையோட முடிஞ்சிருது."

"மாப்ளைக்குமா? பாஸாச்சே?"

"அவருக்கும்தான்."

வெள்ளைச்சாமி மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்தார். குழந்தைவேலின் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். "வுடு மாப்ள. நீ என்ன பண்ணுவ. ஒன்னால முடிஞ்சத நீ பேசிப் பாத்த."

குழந்தைவேல் காராச்சேவுப் பொட்டலத்தின் நூலை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"எந்தப் பாவி குடுத்த யோசனையோ இது" என்றார் வெள்ளைச்சாமி. "அதுல பேரு கீரு போட்டிருக்கா தங்கச்சி?"

பேர் போட்டிருந்தது. கடைசிப் பத்தியில், தடித்த எழுத்தில், தந்தை பெயருக்கான முன்னெழுத்தோடு. சிந்தாமணி அந்த வரியை இரண்டு தடவை படித்தாள்.

"ஒண்ணும் போடல அண்ணே" என்றாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அவள் படித்துச் சொல்லாத வரி இன்னும் ஒன்று அதற்குக் கீழே இருந்தது. தொழிலாளர்கள் அனைவருக்கும் தெளிவாகப் புரிய வேண்டும் என்பதற்காக, இந்த அறிவிப்பு முழுவதும் நாளைக் காலை ஆலையின் வாசலில் தமிழில் ஒட்டப்படும்.

வெள்ளைச்சாமிக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும்.